கழுத்து விறைக்குமுன்

மூளைக் காய்ச்சல் என்ற சொல் காதில் விழுந்தவுடனேயே நம்மவர்களுக்கு நெஞ்சு திடுக்கிடுகிறது. ஆனால் அச்சொல் எந்த வியாதியைக் குறிக்கிறது என்று கேட்டால் பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்வார்கள். கொசுக்கடியால் வருவது என்பார் ஒருவர். தண்ணீர் கெட்டதால் வருவது என்பார் மற்றொருவர். வெயிலில் அலைந்தால் வரும் என்று சாதிப்பவரும் உண்டு. உண்மையில் நாம் இரண்டு வெவ்வேறு வியாதிகளை ஒரே பெயரால் அழைத்து வருகிறோம். மூளையே வெந்து வீங்குவது ஒன்று. 1955-ம் வருஷம் வட ஆர்க்காடு ஜில்லாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டு, பின்னர் கோரக்பூர்ப் பிரதேசத்தில் எத்தனையோ பச்சிளங் குழந்தைகளைக் கொண்டு சென்ற ஜப்பானிய மூளைக் காய்ச்சல் அந்த வகையைச் சேர்ந்தது. அது கொசுவினால் வருவது. மூளையை மூடியிருக்கும் உறைகளில் கிருமி புகுந்து அழற்சி உண்டாக்குவது மற்றொன்று. டாக்டர்கள் மெனிஞ்சைட்டிஸ் என்று கூறுவது இதைத்தான். இக்கட்டுரை இந்த இரண்டாவது வியாதியைப் பற்றியது.

நான் வைத்தியனல்லன், பள்ளியிறுதி தேறி ரயில்வே காரியாலயத்தில் குமாஸ்தா உத்தியோகம் பார்ப்பவன். வைத்திய விஷயத்தில் தலையிட எனக்கு என்ன யோக்கியதை என்று அன்பர்கள் கேட்கலாம். சிகிச்சையைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அது டாக்டரின் வேலை. ஆனால் டாக்டரிடம் எப்பொழுது ஓட வேண்டும் என்று தீர்மானிப்பது டாக்டரல்ல, வீட்டிலிருக்கும் நாம்தான். இந்த வியாதியில் அந்தத் தீர்மானத்தைச் சில மணி நேரத்துக்குள் செய்தாக வேண்டும். படித்தும், டாக்டர்களைக் கேட்டும், பக்கத்து வீட்டில் கண்ணால் கண்டும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

தலைநகரில் குடியேறிய நமக்கு இந்த விஷயத்தில் கூடுதலான அக்கறை இருப்பது நியாயம். டில்லியில் இந்நோய் கொள்ளை நோயாகவே மூன்று முறை தலைகாட்டியிருக்கிறது: 1966, 1985, 2005 ஆகிய வருஷங்களில். 1985-ல் மட்டும் சுமார் 6,000 பேர் படுக்கையில் விழுந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ 800 பேர் பிழைக்கவில்லை. 2005-ல் கோடை தொடங்கும் சமயத்தில் பழைய டில்லியின் நெருக்கமான சந்துகளில் ஆரம்பித்துப் பரவியது. 2008-09 குளிர்காலத்தில் மேகாலயத்திலும், தொடர்ந்து திரிபுராவிலும் தோன்றியது. கொள்ளை நோய் இல்லாத வருஷங்களிலும் அங்குமிங்குமாக ஒன்றிரண்டு பேருக்கு அது வந்துகொண்டுதான் இருக்கிறது. ஒரே அறையில் ஆறு பேர் படுத்துறங்கும் குடியிருப்புகளும், குளிருக்காக ஜன்னலை இறுக மூடிவைக்கும் வழக்கமும் அதற்குத் துணை.

மூளைக்கும் முதுகுத் தண்டுவடத்துக்கும் மேலே மூன்று உறைகள் உள்ளன. உள்ளிரண்டு உறைகளுக்கு நடுவே பளிங்கு போன்ற ஒரு நீர் ஓடிக்கொண்டிருக்கிறது. வயது வந்தவர்களுக்கு அது சுமார் 150 மில்லி, அதாவது ஒரு சிறிய டம்ளர் அளவுதான். கிருமியானது இரத்தத்தின் வழியாகவோ, காதிலிருந்தோ, மண்டையில் பட்ட காயத்தின் வழியாகவோ அந்த நீருக்குள் நுழைந்துவிட்டால் அங்கே அதை எதிர்க்க ஆளில்லை. நீர் கலங்குகிறது, உறைகள் வீங்குகின்றன, மண்டையோடு விரிந்து கொடுக்காதாகையால் உள்ளே அழுத்தம் ஏறுகிறது. தலைவலியும் வாந்தியும் மயக்கமும் அந்த அழுத்தத்தின் விளைவுகள். கழுத்து விறைப்பதோ, வெந்த உறைகளை இழுக்கும் எந்த அசைவும் தாங்க முடியாத நோவைத் தருவதால்.

கிருமிகளிலும் தரம் உண்டு. வைரஸ்களால் வருவது பெரும்பாலும் சாது. பொன்னுக்கு வீங்கி கண்ட குழந்தைகளுக்கும் சில சமயம் அது வந்து, ஒரு வாரம் படுத்திவிட்டுப் போய்விடும். பாக்டீரியாக்களால் வருவது அப்படியல்ல. மெனிங்கோகாக்கஸ், நிமோகாக்கஸ், ஹிப் என்னும் மூன்று பாக்டீரியாக்கள் இதில் பிரதானமானவை. மருந்து கண்டுபிடிக்காத காலத்தில் மெனிங்கோகாக்கஸ் பிடித்த பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் மாண்டார்கள். இன்று நல்ல மருந்துகள் இருந்தும் பாக்டீரியாவால் இந்நோய் கண்டவர்களில் ஆறில் ஒருவர் இறக்கிறார் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கிறது. ஐந்தில் ஒருவருக்குச் செவிடு, வலிப்பு, அங்கஹீனம் போன்ற ஏதாவது ஒரு குறை மிஞ்சுகிறது. எது சாது, எது கொடியது என்று வீட்டிலிருந்தபடி பிரித்தறிய ஒருவராலும் இயலாது. ஆகையால் இரண்டையும் கொடியது என்றே வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இனி அடையாளங்களுக்கு வருவோம். புத்தகங்களில் எழுதியிருப்பதென்ன? கடுமையான ஜுரம், மண்டையைப் பிளக்கும் தலைவலி, கழுத்து விறைப்பு, பீறிட்டு வரும் வாந்தி, வெளிச்சம் பார்க்கக் கண் கூசுதல், பிதற்றல், மயக்கம், வலிப்பு, உடம்பில் செந்நிறப் புள்ளிகள். இவையெல்லாம் உண்மைதான். ஆனால் இவற்றில் முக்கியமானவை பிந்தி வருபவை என்பதை நம்மில் பலர் அறியோம்.

இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த டாக்டர்கள் 2006-ல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். மெனிங்கோகாக்கஸ் கிருமியால் தாக்கப்பட்ட 448 குழந்தைகளின் வரலாற்றை, எந்த மணியில் எந்த அடையாளம் தோன்றியது என்று பெற்றோர்களிடம் விசாரித்துத் தொகுத்தார்கள். ரயில் நேரப் பட்டியலைப் போல அது அமைந்திருப்பதாலோ என்னவோ எனக்கு அது மனத்தில் நன்றாகப் பதிந்துவிட்டது. முதல் நான்கு முதல் ஆறு மணி நேரம் வரை சாதாரண ஜுரத்துக்கும் இதற்கும் வித்தியாசமே தெரிவதில்லை. ஜுரம், சிணுங்கல், பசியின்மை, குமட்டல் இவ்வளவுதான். ஏறத்தாழ எட்டாவது மணியில் மூன்று அடையாளங்கள் தலைகாட்டுகின்றன. கால்கள் வலிக்கின்றன, உடம்பு கொதிக்கும்போதே கைகால்கள் சில்லிட்டுப் போகின்றன, தோலின் நிறம் வெளுத்தோ, திட்டுத் திட்டாகக் கறுத்தோ மாறுகிறது. நூற்றுக்கு 72 குழந்தைகளிடம் இம்மூன்றில் ஒன்றாவது காணப்பட்டது. நாம் எல்லோரும் எதிர்பார்த்துக் காத்திருக்கும் கழுத்து விறைப்பும், செம்புள்ளிகளும், நினைவு தடுமாறுதலும் 13-வது மணியிலிருந்து 22-வது மணிக்குள்தான் வந்தன. சராசரியாக 19-வது மணியில் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். அதாவது, கழுத்து விறைக்கட்டும் பார்க்கலாம் என்று காத்திருப்பவன் பாதி நேரத்தை வீணாக்கிவிடுகிறான்.

அந்த ஆராய்ச்சியில் இன்னொரு விஷயமும் உண்டு. முதல் தடவை டாக்டரிடம் காட்டப்பட்ட குழந்தைகளில் ஏறக்குறையப் பாதிப்பேரே ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்பட்டார்கள். மற்றவர்கள் வீட்டுக்குத் திரும்பினார்கள். அது டாக்டர்களின் குற்றமன்று. நான்காவது மணியில் எந்தத் தன்வந்திரிக்கும் அது தெரியாது. ஆகவே காலையில் டாக்டர் பார்த்து மருந்து கொடுத்துவிட்டார், இனி மூன்று நாள் கழித்துப் போனால் போதும் என்று இருந்துவிடக் கூடாது. குழந்தையின் நிலை மாறினால் அதே நாளில் மறுபடியும் போக வேண்டும். "காலையில்தானே வந்தீர்கள்?" என்று கம்பவுண்டர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

எங்கள் ரயில்வே குடியிருப்பில் அடுத்த வரிசையில் ஓர் அன்பர் இருக்கிறார். திருநெல்வேலிப் பக்கத்தவர்; ஸிக்னல் இலாகாவில் வேலை. அவருடைய நான்கு வயது மகனுக்கு ஒரு மே மாதத்தில் விடியற்காலையில் ஜுரம் கண்டது. டில்லியின் மே மாதத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. சுவரைத் தொட்டாலே சுடும். வெயில் ஜுரம் என்று பாரஸிடமால் கொடுத்தார்கள். காலை பத்து மணிக்குக் கால் வலிக்கிறது என்று பையன் அழுதான். முந்தின நாள் பந்து விளையாடியதன் பலன் என்று தாயார் எண்ணெய் தடவினார். ஊரிலிருந்து வந்திருந்த பாட்டியம்மாள் பேரனை மடியில் வாங்கியவர் பாதத்தைத் தொட்டுப் பார்த்து, மகனை உரக்கக் கூப்பிட்டார்: "ஏலே, உடம்பு கொதிக்கு, காலைத் தொட்டுப் பாரு, பச்சத் தண்ணியா இருக்கு. இந்த வேக்காட்டுல காலு எப்படிலே குளுரும்? வண்டியக் கூப்பிடு." அந்த அம்மாள் எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆக்ஸ்போர்டு டாக்டர்கள் 448 குழந்தைகளைக் கேட்டு எழுதியதை அவர் ஒரு கை வைத்துச் சொல்லிவிட்டார். பகல் ஒரு மணிக்குப் பையன் ஆஸ்பத்திரியில் இருந்தான். அதற்குப் பிறகு நடந்ததைப் பின்னால் கூறுகிறேன்.

கைக்குழந்தைகளின் விஷயம் தனி. பேசத் தெரியாத சிசு தலை வலிக்கிறது என்று எவ்வாறு சொல்லும்? பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத சிசுவுக்கு ஜுரமே இல்லாமல், உடம்பு சில்லிட்டும் இந்த வியாதி வரலாம். கழுத்து விறைப்பும் இருக்க வேண்டியதில்லை. பால் குடிக்க மறுத்தல், எழுப்பினால் எழாமல் துவண்டு கிடத்தல், வழக்கமில்லாத கீச்சுக் குரலில் விடாமல் வீறிடுதல் ஆகியவை முக்கியமானவை. சாதாரணமாக அழும் குழந்தை தூக்கினால் அடங்கும். இந்தக் குழந்தையோ தூக்கத் தூக்க அதிகமாக அழும். ஏனெனில் தூக்கும்போது உறைகள் இழுபட்டு நோகின்றன. உச்சிக்குழியைத் தடவிப் பாருங்கள். குழந்தை அழாமல் நிமிர்ந்திருக்கும் சமயத்தில் அது புடைத்து இறுகியிருந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்கலாகாது. பேதியினால் உச்சிக்குழி பள்ளமாவது நம் பாட்டிமார்களுக்குத் தெரியும். அது புடைப்பது அதற்கு நேர்மாறான அபாயம்.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. குழந்தை கழுத்தைத் திருப்ப முடியாமல் அழுதால் "உரம் விழுந்துவிட்டது" என்று புடவையில் போட்டு உருட்டி உரம் எடுப்பது நம் பக்கத்து வழக்கம். பெரியவர்களுக்கானால் சுளுக்கு என்று வழித்துவிடுவார்கள். வழக்கத்தைக் குறை கூற நான் வரவில்லை. ஆனால் ஜுரமும் சேர்ந்து இருக்குமானால் அது உரமுமல்ல, சுளுக்குமல்ல. ஜுரத்தோடு கழுத்தைத் திருப்ப முடியாத குழந்தையை உருட்டவே கூடாது. பல் முளைக்கிற ஜுரம், திருஷ்டி, மந்தம் என்பவற்றுக்கும் இதுவே விதி.

பேசத் தெரிந்த பிள்ளைகளிடம், மோவாயை மார்பில் தொடும்படியோ, உட்கார்ந்து முழங்காலை முத்தமிடும்படியோ சொல்லிப் பார்க்கலாம். முடியவில்லையென்றால் சந்தேகத்துக்கு இடமில்லை. முடிந்துவிட்டது என்பதனால் மட்டும் நிம்மதியடைந்துவிடக் கூடாது. வயோதிகர்களுக்கோ கழுத்து முன்பே தேய்ந்து விறைத்திருக்கும். அவர்களிடம் திடீரென்று பேச்சுத் தடுமாறுவதும், ஆள் தெரியாமல் விழிப்பதுமே அடையாளம். அதை வயதின் கோளாறு என்று தள்ளிவிடுவது எளிது.

செம்புள்ளிகளைப் பற்றி ஒரு வார்த்தை. மெனிங்கோகாக்கஸ் இரத்தத்தில் பெருகும்போது தோலுக்கடியில் நுண்ணிய இரத்தக் கசிவு உண்டாகிறது. முதலில் குண்டூசி முனையளவு. சில மணியில் கன்றிப்போன காயம்போல் பரவும். கண்ணாடி டம்ளரின் பக்கத்தை அதன்மேல் அழுத்திப் பார்த்தால் வேர்க்குருவும் சாதாரணத் தடிப்பும் மறையும், இது மறையாது. மறையாத புள்ளியோடு ஜுரமும் இருந்தால் எதையும் யோசியாமல் கிளம்ப வேண்டும். நம் வீட்டு எவர்சில்வர் டம்ளர் இதற்கு உதவாது. ஊடே தெரியும் கண்ணாடி வேண்டும். நம் மாநிறத்திலும் கறுப்பிலும் கையிலோ முதுகிலோ புள்ளி எளிதில் தெரியாது. உள்ளங்கை, உள்ளங்கால், கண் இமையின் உட்புறம், மேலண்ணம் ஆகிய வெளிறிய இடங்களில் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். புள்ளியே தோன்றாமல் வரும் மெனிஞ்சைட்டிஸும் ஏராளம் என்பதை மறக்கலாகாது.

இதுவரை சொன்னது விரைவு வண்டி. மெல்ல ஊர்ந்து வரும் பாஸஞ்சர் வண்டியும் ஒன்று உண்டு. நமது தேசத்தில் அது சர்வ சாதாரணம். க்ஷயரோகக் கிருமியால் வரும் மூளை உறை அழற்சி இரண்டு மூன்று வாரங்கள்வரை முகத்தைக் காட்டாமல் இருக்கும். மாலையில் இலேசான காய்ச்சல், விட்டுவிட்டு வரும் தலைவலி, வாந்தி, உடம்பு இளைத்தல். நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை பாடத்தில் மந்தமாவான், விளையாடப் போகமாட்டான், காரணமில்லாமல் எரிந்து விழுவான். பள்ளிக்கூடம் போகப் பிடிக்காமல் செய்யும் பாசாங்கு என்று அடித்த பெற்றோர்களும் உண்டு. அதன்பின் ஒருநாள் பார்வை மாறுகண்ணாகும், ஒன்று இரண்டாகத் தெரியும், உறக்கம் அதிகரிக்கும். இவ்வளவு தூரம் வந்த பிறகு மருந்து பாதிதான் பலிக்கும். வீட்டிலோ அடுத்த வீட்டிலோ க்ஷயரோகி ஒருவர் இருந்து, பிள்ளைக்கு ஒரு வாரத்துக்குமேல் தலைவலியும் ஜுரமும் நீடித்தால் அந்த விவரத்தை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். வெட்கப்பட்டு மறைப்பவர்களை நான் அறிவேன். சம்பந்தம் பேசும்போது இடையூறாகும் என்று அஞ்சுகிறார்களாம்! இதற்கு ஏறத்தாழ ஒரு வருஷம் மருந்து சாப்பிட வேண்டியிருக்கும்; நடுவில் நிறுத்தலாகாது.

பக்கத்து வீட்டுப் பையனுக்கு வருவோம். ஆஸ்பத்திரியில் டாக்டர் பரிசோதித்துவிட்டு, முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டும், கையெழுத்துப் போடுங்கள் என்றார். தகப்பனார் பேனாவை வாங்கியவர் கை நடுங்க நின்றுவிட்டார். முதுகுத்தண்டில் ஊசி போட்டால் கால் விளங்காமல் போய்விடும், அதற்குப்பின் எழுந்து நடக்காதவன் இன்னின்னான் என்று உறவினர் ஒருவர் டெலிபோனில் சொன்னாராம். இந்த நம்பிக்கை வடக்கே மட்டுமல்ல, நம் ஊரிலும் பரவலாக உள்ளது. எனவே விளக்கமாகவே சொல்கிறேன்.

1891-ல் ஜெர்மானிய வைத்தியர் குவின்கே இந்த முறையைக் கொண்டுவந்தார். ஊசி நுழைவது இடுப்புக்குச் சற்று மேலே. தண்டுவடமோ அதற்கு வெகு மேலேயே முடிந்துவிடுகிறது; கீழே இருப்பது நரம்பு இழைகள் மிதக்கும் நீர்ப்பை மட்டும்தான். ஊசி தண்டுவடத்தைத் தொடுவதற்கு அங்கே தண்டுவடமே இல்லை. எடுக்கும் நீரும் சில தேக்கரண்டிக்கு உட்பட்டது. உடல் அதைச் சில மணி நேரத்தில் மறுபடி ஊறவைத்துக்கொள்ளும். இரண்டொரு நாள் தலைவலியோ இடுப்பு நோவோ இருக்கலாம். அந்த ஊசிக்குப் பிறகு நடக்காமற் போனவர்கள் பெரும்பாலும் அந்த வியாதியினால் நடக்காமற் போனவர்களே. அந்த நீர் தெளிவாக இருக்கிறதா, கலங்கியிருக்கிறதா, எந்தக் கிருமி இருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் எந்த மருந்து, எத்தனை நாள் என்று முடிவு செய்கிறார்கள். நோயாளியின் நிலையைப் பொறுத்து, டாக்டரே அந்த ஊசியைத் தள்ளிவைத்துவிட்டு மருந்தை முதலில் ஏற்றுவதும் உண்டு. அது அவர் பொறுப்பு.

பையனின் தகப்பனார் தயங்கி நின்றது முக்கால் மணி நேரம். டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை, மருந்தை நரம்பில் ஏற்றத் தொடங்கிவிட்டு, தமிழ் தெரிந்த ஒரு நர்ஸம்மாளை அழைத்துவந்து பேச வைத்தார். நாகர்கோவில் பக்கத்தவரான அந்த அம்மாள், "அண்ணாச்சி, என் சொந்தப் பிள்ளையானாலும் நான் கையெழுத்துப் போட்டிருப்பேன்" என்றதும் கையெழுத்து விழுந்தது. எடுத்த நீர் கலங்கித்தான் இருந்தது. இரண்டு வாரத்துக்குள் பையன் வீடு திரும்பினான். இப்பொழுது மூன்றாம் வகுப்புப் படிக்கிறான். இடது காது மட்டும் கேட்பதில்லை.

மொழியைப் பற்றிய இந்தச் சங்கடம் நமக்கு மிகப் பெரியது. புதிதாக வந்த தாய்மார்கள் காய்கறி வாங்கும் அளவுக்கு ஹிந்தி பேசிவிடுகிறார்கள். டாக்டர் கேட்கும்போது "புகார்" என்ற ஒரு வார்த்தையோடு நின்றுவிடுகிறது. (ஜுரத்துக்குப் புகார் என்று பெயர் வைத்தவர்கள் நம் மொழியை அறிந்தவர்கள்தான் போலும்!) வெறும் ஜுரம் என்று சொன்னால் வரிசையில் நாற்பதாவது ஆளாக உட்காரவேண்டி வரும். கழுத்து விறைத்துவிட்டது என்பதற்கு "கர்தன் அகட் கயீ ஹை" என்று சொல்லவேண்டும். தலைவலிக்கு "ஸிர் தர்த்", வாந்திக்கு "உல்டீ", வலிப்புக்கு "தௌரா", கைகால் குளிர்ந்திருப்பதற்கு "ஹாத் பேர் டண்டே ஹைன்", மயக்கத்துக்கு "பேஹோஷ்", பால் குடிக்கவில்லை என்பதற்கு "தூத் நஹீம் பீ ரஹா". இவற்றை ஒரு காகிதத்தில் எழுதி அடுப்பங்கரைச் சுவரில் ஒட்டிவைத்தால் வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் உதவும். எத்தனை மணிக்கு ஜுரம் தொடங்கியது, என்ன மருந்து கொடுத்தோம் என்பதையும் குறித்து எடுத்துப் போக வேண்டும். முக்கியமாக, மருந்துக் கடையில் வாங்கிய ஆன்டிபயாடிக் ஏதாவது கொடுத்திருந்தால் கூசாமல் சொல்லிவிட வேண்டும். அரைகுறை மருந்து கிருமியைக் கொல்லாமல் அதன் அடையாளங்களை மட்டும் மறைத்து, பரிசோதனையையும் குழப்பிவிடும். வண்டிக்கு 102 அல்லது 108. தேசம் முழுமைக்கும் பொதுவாக 112.

என் இலாகாவைச் சேர்ந்த ஒரு விஷயம். விடுமுறைக்கு ஊருக்குப் போகும் நம் குடும்பங்கள் ஒன்றரை நாள் வண்டியில் இருக்கின்றன. இந்த நோய்க்கு அது யுகம். வழியில் குழந்தைக்கு மேற்சொன்ன அடையாளங்கள் கண்டால், சென்னை போய்ச் சேர்ந்து நம் டாக்டரிடம் காட்டலாம் என்ற எண்ணத்தை விட்டுவிட வேண்டும். 139 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். டிக்கெட் பரிசோதகரிடமும் சொல்லுங்கள். அடுத்து நிற்கும் ஸ்டேஷனில் டாக்டர் வர ஏற்பாடு உண்டு. அவர் இறங்கச் சொன்னால் இறங்கிவிட வேண்டும். போபாலை விட்டால் நாகபுரி வரச் சுமார் ஆறு மணி நேரம் ஆகும்; நாகபுரியை விட்டால் விஜயவாடா அதைவிடத் தூரம். போபாலிலும் நாகபுரியிலும் பெரிய ஆஸ்பத்திரிகள் உள்ளன. மூட்டைகளும் பயணச் சீட்டும் எக்கேடு கெட்டாலும் பாதகமில்லை. வண்டியில் வலிப்பு வந்தால் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் திணிக்காமல் இருப்பதே செய்யத்தக்கது. சாவிக்கொத்தைக் கையில் கொடுப்பதால் ஒன்றும் ஆகாது.

தடுப்பு ஊசிகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். பிறந்தவுடன் போடும் பி.ஸி.ஜி., க்ஷயரோக மெனிஞ்சைட்டிஸிலிருந்து சிசுக்களைக் காப்பது. 6, 10, 14 வாரங்களில் போடும் ஐந்து மருந்துக் கூட்டு ஊசியில் ஹிப் கிருமிக்குரிய மருந்தும் அடங்கியிருக்கிறது. அரசாங்கம் அதை 2011 டிசம்பரில் முதன்முதலாகத் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் ஆரம்பித்தது. பின்னர் படிப்படியாக நாடெங்கும் வந்தது. நிமோகாக்கஸ் ஊசி 2017-ல் சில மாநிலங்களில் தொடங்கி 2021-ல் எல்லா மாநிலங்களுக்கும் விரிந்தது. 6-வது, 14-வது வாரங்களிலும் 9-வது மாதத்திலும் போடுகிறார்கள். இவை யாவும் அரசாங்க நிலையங்களில் இலவசம். ஊர் மாறும்போது ஊசி அட்டையைத் தொலைத்துவிடுவது நம் குடும்பங்களின் பெருங்குறை. மெனிங்கோகாக்கஸ் ஊசி பொதுப் பட்டியலில் இல்லை. ஹஜ் யாத்திரை போகிறவர்களுக்குக் கட்டாயம். வெளிநாட்டு விடுதிகளில் படிக்கப்போகும் மாணவர்களும் மண்ணீரல் எடுக்கப்பட்டவர்களும் டாக்டரைக் கேட்டுப் போட்டுக்கொள்வது நலம். ஆப்பிரிக்காவில் செனகல் முதல் எதியோப்பியா வரை அகன்று கிடக்கும் பிரதேசத்தில் 1996-97-ல் இந்நோய் சுமார் 25,000 உயிர்களைக் குடித்தது. அங்கே 2010 டிசம்பரில் பர்கினா பாஸோவில் தொடங்கிப் போடப்பட்ட மலிவான ஊசி மருந்து நமது புனாவில் தயாரானது என்பதில் நமக்குப் பெருமை உண்டு.

காதில் சீழ் வடியும் பிள்ளைகளை வைத்திருப்பவர்கள் அதைச் சிறு விஷயமென்று எண்ணலாகாது. செவிக்கும் மூளை உறைக்கும் இடையே இருப்பது மெல்லிய எலும்புச் சுவர்தான். தலையில் அடிபட்ட பிறகு மூக்கிலோ காதிலோ தண்ணீர்போல் ஒழுகினாலும் அவ்வாறே உடனே காட்ட வேண்டும்.

அண்டை வீட்டில் ஒருவருக்கு இந்நோய் என்று தெரிந்தால் குடியிருப்பே பீதியடைகிறது. நோயாளி வீட்டுக்குப் பால்காரனும் வருவதில்லை. இதற்கு அவசியமில்லை. மெனிங்கோகாக்கஸ் கிருமி உடம்புக்கு வெளியே நெடுநேரம் உயிர் வாழாது. பத்தில் ஒருவர் மூக்கிலும் தொண்டையிலும் ஒரு தீங்குமின்றி அது குடியிருப்பதுண்டு. ஒரே வீட்டில் வசிப்பவர்கள், ஒரே அறையில் உறங்கியவர்கள் போன்ற நெருங்கியவர்களுக்கு டாக்டர் சொல்லும் தடுப்பு மாத்திரையைக் கூடுமானவரை ஒரு நாளுக்குள் கொடுத்துவிட்டால் போதும். மாத்திரை ரிபாம்பிஸினானால் மூத்திரம் ஆரஞ்சு நிறமாகப் போகும். அதைக் கண்டு மறுபடி பயப்பட வேண்டியதில்லை. எல்லா வகை மெனிஞ்சைட்டிஸுக்கும் இந்த மாத்திரை தேவையில்லை என்பதால், தாமாகக் கடையில் வாங்கி விழுங்கக் கூடாது.

பிழைத்து வீடு வந்த பிள்ளைக்குச் செய்யவேண்டிய காரியம் ஒன்று பாக்கியிருக்கிறது. பாக்டீரியாவினால் வந்த நோயானால், நான்கு வாரத்துக்குள் காது கேட்கும் சக்தியைக் கருவி வைத்துச் சோதிக்க வேண்டும். ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதியிருந்தாலும் பலர் போவதில்லை. கூப்பிட்டால் திரும்புகிறானே என்று இருந்துவிடுகிறார்கள். ஒரு காது கேளாத பிள்ளையும் கூப்பிட்டால் திரும்புவான். இரண்டு காதும் போயிருந்தால், உட்செவியில் எலும்பு வளர்ந்து அடைபடுவதற்குள் கருவி பொருத்த வேண்டியிருக்கும். ஆகையால் இந்தச் சோதனைக்கு ஊருக்குப் போய் வந்து பார்க்கலாம் என்று தவணை சொல்லக் கூடாது. வகுப்பில் உபாத்தியாயரிடம் சொல்லி, கேட்கும் காது அவர் பக்கம் இருக்கும்படி முன் பெஞ்சியில் இடம் வாங்கிவிடலாம்.